கேட்டதைக் கொடுத்த மரேத்தா டீச்சர்

நோனோவுத்தித் தீவுக்கு வெளிநாட்டுக் கல்விக் குழு வருகிறது என்றால் முதலில் மூடப்படுவது பள்ளிக்கூடம்தான். வருகிறவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதனால் என்ன? கணக்கையும் ஆங்கிலத்தையும் மூட்டை கட்டிவிட்டுப் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை ஆட்டம் பழகுவார்கள். பெண்கள் தலைக்குப் பூவளையம் பின்னுவார்கள். ஆண்கள் யார் வீட்டுப் பன்றி கொழுத்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்புவார்கள். வந்தவர்கள் மனேயபாவில், ஊரே உட்காரும் அந்தப் பெரிய ஓலைக் கூடத்தில், பாய்மேல் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆட்டத்தைப் படம் பிடிப்பார்கள், "இத்தனை சந்தோஷமான பிள்ளைகளை எங்குமே பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். சந்தோஷமான பிள்ளைகளுக்குப் புத்தகம் எதற்கு? கதை அதோடு முடிந்தது.

விருந்தாளியிடம் குறை சொல்வது எங்களுக்குக் கேவலம். வகுப்பறைச் சுவரில் ஓட்டை இருந்தால் இருப்பதிலேயே நல்ல பாயாகப் பார்த்து அதன்மேல் தொங்கவிடுவோம். அவர்களும் பாயின் பின்னலைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறியவள் மரேத்தா டீச்சர். அதற்கு அவளுக்குத் துணிச்சல் இருந்தது. இன்னொரு வழக்கம் இருக்கிறது, அதை மீறும் துணிச்சல் மட்டும் அவளுக்கு வரவில்லை.

மரேத்தா ஆறாம் வகுப்பு எடுப்பவள். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். அவள் பாடம் நடத்தினால் உப்பங்கழியில் வலை வீசிக்கொண்டிருப்பவனுக்கும் அன்றைய பாடம் மனப்பாடம் ஆகிவிடும். கணவன் இயோத்தேபா மீன் பிடிக்கிறவன், அதிகம் பேசாதவன். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து அவளே பேசிடுவா" என்பான். பிள்ளை இல்லை. தலைநகர் தரவாவில் இருந்த சித்தி மகள் தீரோயாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டதும், மரேத்தா கப்பலேறிப் போய் அந்தப் பிள்ளையைத் தனக்குக் கொடு என்று கேட்டாள்.

இப்படிக் கேட்பதற்குப் புபூத்தி என்று பெயர். சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. மண்வெட்டி கேட்கலாம், படகு கேட்கலாம், போட்டிருக்கிற சட்டையைக் கேட்கலாம், பிள்ளையையும் கேட்கலாம். இல்லை என்று சொன்னவனுக்கு மனேயபாவில் முகம் கிடையாது. கொடுத்தவன் பின்னால் ஒருநாள் கேட்பான், அன்றைக்கு வாங்கியவன் கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தால்தான் எங்கள் தீவுகளில் யாரும் பட்டினி கிடந்து செத்ததில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வேறு எதனால் செத்தார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை.

தீரோயா தலையைக் குனிந்துகொண்டு, "பால் மறந்ததும் கூட்டிட்டுப் போக்கா" என்றாள். வேறென்ன சொல்வாள்? கேட்டாகிவிட்டது.

தபேரா என்று அந்தப் பெண் குழந்தைக்குப் பெயர். அவள் தீவுக்கு வந்த பிறகு ஒரு மதியம், தகரக் கூரைமேல் ஒரு முற்றிய தேங்காய் விழுந்தது. பக்கத்து வீட்டு நாய்கூடப் பதறி எழுந்து ஓடிற்று. பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மரேத்தாவும் இயோத்தேபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இயோத்தேபா எழுந்து போய் இன்னொரு தேங்காயை எடுத்துக் கூரைமேல் எறிந்தான். பிறகும் ஒன்று எறிந்தான். பிள்ளை விழிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சைவிடக் கை அதிகம் பேசிற்று. ஊரே வாயாடி என்று சொன்ன மரேத்தாவைவிட ஊமைக்கோட்டான் இயோத்தேபாதான் அதில் கெட்டிக்காரன். உள்ளங்கையை நெளித்தால் மீன். விரல்களை உதிர்த்தால் மழை. கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். வயிற்றைத் தட்டினால் சோறு. கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வா. அப்பனும் மகளும் கழியில் இறங்கி நண்டு பிடித்துக்கொண்டு இப்படியே பொழுதெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவன் படகு திரும்பும்போது தபேரா கரையில் நிற்பாள். அவன் தூரத்திலிருந்தே உள்ளங்கையை நெளிப்பான்.

ஒருநாள் படகு திரும்பவில்லை. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் போயிருக்கும் என்றார்கள். எங்கள் கடலில் அப்படிப் போனவர்களில் எப்போதாவது ஒருவன் வேறு நாட்டில் கரை ஒதுங்குவான், மற்றவர்கள் போனவர்கள்தான். உடல் இல்லை, குழி இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. தேவாலயத்தில் ஜெபம் நடந்தது, பிறகு எல்லோருக்கும் சோறு போட்டார்கள். தபேரா அதை விருந்து என்று நினைத்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அப்பன் வரமாட்டான் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மரேத்தா மணலில் படகு வரைந்தாள், அலை வரைந்தாள், படகைக் கையால் அழித்தாள். தபேரா அதை விளையாட்டு என்று எண்ணித் தானும் ஒரு படகு வரைந்து அழித்துவிட்டுச் சிரித்தாள். சாயங்காலம் ஆனதும் கரைக்குப் போய் நின்றாள். மறுநாளும் நின்றாள். மழைக்காலம் வந்து போகும்வரை நின்றாள். மழையில் நனைந்துகொண்டு நின்றவளைத் தூக்கிவந்து துவட்டும்போதெல்லாம் மரேத்தாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும். முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வாய், சொந்த மகளுக்கு ஒரு சாவைச் சொல்ல முடியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கல்விக் குழு வந்தது. தலைவி பிரெண்டா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. சாப்பாடு முடிந்தது, ஆட்டம் முடிந்தது. "உங்க பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது தேவை இருக்கா?" என்று பிரெண்டா மரியாதைக்குக் கேட்டாள். தலைமையாசிரியர் பௌரோ மரியாதைக்குச் சிரித்து, "நீங்க வந்ததே போதும்" என்றார்.

மரேத்தா எழுந்தாள். தபேராவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு வேணும்மா. இவ என் மக. காது கேக்காது. உங்க நாட்டுல இந்த மாதிரி பிள்ளைங்களுக்குக் கையால பேசச் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம் இருக்காம். என்னைக் கூட்டிட்டுப் போய் எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் திரும்பி வந்து இவளுக்குச் சொல்லணும். இவ அப்பன் செத்துட்டான். அது இவளுக்கு இன்னும் தெரியாது."

"சோத்தப் போட்ட கையாலயே பிச்சை எடுக்கறா பாரு" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். பௌரோ பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரெண்டா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரெண்டா சும்மா போகவில்லை. யாரைப் பிடித்தாளோ, எப்படி முட்டி மோதினாளோ, ஆசிரியர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் வந்தது. இங்கிருந்து ஒருவர் குவீன்ஸ்லாந்தில் காது கேளாதோர் பள்ளிக்கு ஒரு வருஷம் போகலாம். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். போகிறவர் பெயர் மரேத்தா. பௌரோ வானொலியில் செய்தி கேட்டு ஓடிவந்து, "ஏ வாயாடி! உன் வாய் கடைசில பிழைக்கத் தெரிஞ்ச வாய்தான்!" என்று கத்தினார். அங்கே குளிரும் என்று மரேத்தா அத்தை ஒருத்தியிடம் கம்பளிச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். தபேராவை அதுவரை அத்தையே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மரேத்தா அந்தக் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தாள். இயோத்தேபா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கப்பலில் தீரோயா வந்தாள்.

வந்தவள் சேப்பங்கிழங்கும் சூரை மீனும் சாப்பிட்டாள், பதநீர் குடித்தாள். தபேராவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தலை வாரினாள். தீரோயாவும் டீச்சர்தான், தரவாவில் ஒரு பள்ளியில் ஒப்பந்த வேலை. புருஷனுக்கு வேலை போய்விட்டது. ஒரே அறையில் இரண்டு குடும்பம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

மரேத்தா சட்டென்று குறுக்கே பேசினாள். "வேண்டாம் தீரோயா. கேக்காத."

"ஆஸ்திரேலியாவுக்கு நான் போறேன்க்கா. உன் இடத்த எனக்குக் குடு."

"அது எனக்காக வந்ததில்லடி, இவளுக்காக வந்தது!"

"இவளப் பெத்தவ யாரு? நீ கேட்ட அன்னிக்கு நான் ஒரு வார்த்த பேசினேனா? பால் மறக்கடிச்சு அனுப்பிட்டு, மாருல பால் கட்டிக்கிட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தேன். அப்பக்கூட ஏன் குடுத்தோம்னு நான் நெனைக்கல. நான் போய்ப் படிச்சிட்டு வந்து இவளுக்குச் சொல்லித் தர மாட்டேனா? எனக்கு மட்டும் இவ மேல பாசம் இல்லயா?"

மரேத்தா வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். நாளைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும், கேட்டதும் கொடுத்ததும், அல்லது கேட்டதும் கொடுக்காததும். அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தீரோயாவின் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையைத்தான் தாங்க முடியவில்லை. இவளையும் கேட்டுத்தானே வாங்கினாள்? கொடுக்க மாட்டேன் என்றால் எந்த வாயால் அந்தப் பிள்ளையை மகளே என்பாள்?

"சரி" என்றாள்.

தீரோயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "அங்க ரொம்பக் குளிராமே. அந்தக் கம்பளிச் சட்டையும் குடுத்துடுக்கா" என்றாள்.

பிரெண்டா தொலைபேசியில் பதறிப்போய், "என்ன ஆச்சு, யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டாள். சொந்தக்காரி கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? சொன்னால் எங்கள் எல்லோரையும் பைத்தியம் என்பார்கள். உடம்பு சரியில்லை, என் தங்கை எனக்குப் பதிலாகப் போவாள் என்று மரேத்தா பொய் சொன்னாள். பௌரோவுக்குத்தான் ஆறவே இல்லை. "கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியே, பாவி! வாயாடி வாயாடின்னு பேரு. வேணும்கற நேரத்துல ஒரு 'மாட்டேன்' சொல்ல வரல உனக்கு!" என்றார்.

"நீங்க சொல்லியிருப்பீங்களா, ஐயா?"

பௌரோ நடையைக் கட்டினார். தம்பி கேட்டான் என்று தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து வருகிறவர் அவர்.

அங்கிருந்து இங்கே வந்தவன் ஒரு இளைஞன். நல்ல பையன்தான். பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தான், கிணற்றுத் தண்ணீர் குடித்தான், வயிற்றுப்போக்கில் படுத்தான், விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம். தீரோயாவுக்கு அங்கே ஒரு வருஷம் என்றது இரண்டு வருஷம் ஆயிற்று. அங்கிருந்து ஒரு குறுந்தகடு அனுப்பினாள். கூட்டுறவுக் கடைக்காரரிடம் மட்டும்தான் அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இருந்தது. மரேத்தாவும் தபேராவும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரன் சிரித்த முகமாகக் கையை ஆட்டினான். அம்மா, ஆப்பிள், ரயில் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு மேல் கருவி ஓடவில்லை. ஆப்பிளையும் ரயிலையும் எங்கள் தீவில் யார் கண்டார்கள்? தபேராவுக்கு ரயில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. விமானம் வந்தால் ரயில், கப்பல் வந்தால் ரயில். ஆளை ஏற்றிக்கொண்டு போகிற எல்லாமே அவளுக்கு ரயில்தான்.

தீரோயா திரும்பி வந்தாள். ஆனால் நோனோவுத்திக்கு வரவில்லை. வெளிநாட்டில் படித்தவளைத் தீவுக்கு அனுப்பி வீணடிக்கலாமா என்று தலைநகரில் அலுவலகம் கொடுத்துவிட்டார்கள், வரும் குழுக்களை வரவேற்கிற வேலை. பிஜிக்குப் போனாள், பிரிஸ்பேனுக்குப் போனாள், மாநாடுகளில் காது கேளாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்பாள். கிறிஸ்துமஸ் வரும், அவள் வரமாட்டாள். தபேராவுக்குப் பதின்மூன்று வயதாயிற்று. பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் போடுவாள். ஆட்டத்தில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தில் நிற்கிறவளின் தோளைக் கடைக்கண்ணால் பார்த்தே தாளம் தவறாமல் ஆடுவாள்.

பௌரோ ஓய்வு பெற்றார். வேறு ஆசிரியர் வரவில்லை, தலைமைப் பொறுப்பும் மரேத்தா தலையில் விழுந்தது. அந்த வருஷம்தான் குழு மறுபடி வந்தது. அதே பிரெண்டா, இப்போது தலை நரைத்திருந்தது. பக்கத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தீரோயா.

சாப்பாடும் ஆட்டமும் முடிந்ததும் பிரெண்டா கேட்டாள்: "இந்தத் திட்டமே ஒரு சின்னப் பொண்ணாலதான வந்தது? அந்தப் பொண்ணு எங்க?"

ஆட்டக்காரிகளின் நடுவிலிருந்து தபேராவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிரெண்டா சிரித்துக்கொண்டே கையால் பேசினாள். அழகாகப் பேசினாள், அவள் பார்வை தபேராவின் விரல்களையே எதிர்பார்த்துக் காத்திருந்தது. தபேரா அந்தக் கைகளைக் கவனமாகப் பார்த்தாள். புது ஆட்டம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். இரண்டு கைகளையும் விரித்து, கழுத்தைப் பறவைபோல் வெட்டி, ஒரு முழு அடவு ஆடி முடித்தாள். ஊரே கைதட்டிற்று. கூட வந்தவர்கள் படம் பிடித்தார்கள்.

பிரெண்டாவின் சிரிப்பு போய்விட்டது. "இவளுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று தீரோயா பக்கம் திரும்பினாள்.

தீரோயாவின் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான். "இப்ப எங்கூட தரவாவுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. அங்க இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் புதுசா பள்ளிக்கூடம் வந்திருக்கு. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு எங்கள் பேச்சில், ஊர் முழுக்கக் கேட்க, மரேத்தாவைப் பார்த்து, "அக்கா, பிள்ளைய எனக்குக் குடு" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அங்கே பள்ளி இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது, அரிசி மூட்டையும் ஆப்பிளும். மரேத்தா, "நானும் வர்றேன்" என்றாள்.

"விமானத்துல ஒரு இடந்தான்க்கா காலி. நீயும் வந்துட்டா பள்ளிக்கூடத்த யாரு பாத்துக்குவா? லீவுல வா."

பெரியவர்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்கக் கூடாதா? திறக்கவில்லை. மரேத்தா தலையை அசைத்தாள்.

மறுநாள் காலை விமானத் திடலில் தபேராவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, தலையில் பூவளையம். மரேத்தா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். பள்ளிக்குப் போகிறாய், நான் பிறகு வருவேன், உன்னைத் துரத்தவில்லை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மீன், மழை, தூக்கம், சோறு. இவற்றை வைத்துக்கொண்டு எதைச் சொல்வாள்? தபேரா கையை விடுவித்துக்கொண்டு விமானத்தைக் காட்டி, ரயில், என்றாள். ஏறி உட்கார்ந்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ரயில், அம்மா, வா, என்றாள். மறுபடியும், அம்மா, வா. கதவை மூடினார்கள். அவள் கை நெஞ்சுப் பக்கம் இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. விமானம் நகர்ந்த பிறகுதான் அந்தக் கை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் வாய் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது.

சில வாரம் கழித்துத் தீரோயா தொலைபேசியில் கூப்பிட்டாள். கடைக்காரர் ஆள் விட்டு அழைத்துவர, மரேத்தா மூச்சிரைக்க ஓடினாள்.

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்க்கா. சாப்பிடறா. ஆனா ஒண்ணு, சாயங்காலம் ஆனா கரையில போய் நின்னுடறா. மழை பெய்ஞ்சாலும் நிக்கறா. இழுத்துட்டு வந்தாலும் மறுநாள் போய் நிக்கறா. எதுக்குன்னே தெரியல. உனக்குத் தெரியுமா?"

மரேத்தாவுக்குத் தெரியும். அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அவ அப்பன் மாதிரி போயிட்டேன்னு நெனைக்கறா, தீரோயா. அம்மா இருக்கான்னு சொல்லு. சாகல, வருவான்னு சொல்லு. அதச் சொல்லத்தான உனக்குக் கைமொழி இருக்கு?"

"எத்தனையோ தடவ சொல்லப் பாத்துட்டேன்க்கா. அவ என் கையப் பாக்கவே மாட்டேங்கறா."

மரேத்தா தொலைபேசியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினாள். வகுப்பில் யாரும் இல்லை. நியூசிலாந்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் காலையில் செய்தி வந்திருந்தது, பிள்ளைகள் எல்லோரும் மனேயபாவில் ஆட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள்.